மிச்சம் மீதியெல்லாம் அம்மா தட்டுக்கா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அம்மாக்களைப் பற்றியவை. சிலவற்றை அம்மாக்களே எழுதியிருக்கிறார்கள், சிலவற்றைப் பிள்ளைகள். இடம் போதாது என்பதால் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முதல் கடிதத்துக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, எனக்கு 46 வயது. பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்காரருக்குத் தர்மபுரியில் வேலை, பையன் காலேஜ், பொண்ணு பிளஸ் டூ, மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். தை மாதம் ஊரில் மருத்துவ முகாம் நடந்தபோது வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை 112 என்று வந்தது. "இன்னும் வரலம்மா, வாசல்ல வந்து நிக்குது" என்றார் டாக்டர். என் உயரம் 155 சென்டிமீட்டர், எடை 68 கிலோ. அன்றைக்கே முடிவு பண்ணினேன். காலையில் இட்லியை விட்டுவிட்டு வெல்லம் போட்ட ராகிக் கஞ்சி இரண்டு டம்ளர், ராத்திரி சோறு கிடையாது, பாலும் மூணு பிஸ்கட்டும், தினமும் ஒரு மணி நேரம் நடை. 20 நாள் செய்தேன், இரண்டு கிலோ குறைந்தது. அப்புறம் தலைசுற்றல், பொண்ணுக்குப் பரீட்சை, மாமியாருக்கு உடம்பு முடியவில்லை, எல்லாம் விட்டுப்போச்சு. குறைந்த இரண்டு கிலோவும் திரும்பி வந்துவிட்டது. "என்னம்மா, டயட் முடிஞ்சுதா" என்று பிள்ளைகள் கேட்கும்போது அழுகை வருகிறது. இத்தனைக்கும் நான் சாப்பிடுவதே குறைச்சல் அக்கா. மத்தியானம் எல்லாருக்கும் போட்டுவிட்டு மூணு மணிக்கு மேல்தான் உட்காருவேன், மிஞ்சினதைப் போட்டுக்கொள்வேன். எனக்குப் பிடிவாதம் போதவில்லையா? ஒரு டயட் சார்ட் கொடுங்களேன்.

பதில்: முதலில் அழுவதை நிறுத்துங்கள் அம்மா. வீட்டு வேலை அத்தனையும் பார்த்துக்கொண்டு, யாரும் கூட நிற்காமல், 20 நாள் விடாமல் நடந்தவருக்குப் பிடிவாதம் இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? சார்ட் தரமாட்டேன். உங்கள் கடிதத்தில் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், "மிஞ்சினதைப் போட்டுக்கொள்வேன்" என்று. எனக்கு அந்த வரிதான் பெரிதாகத் தெரிகிறது.

என் அம்மாவும் இப்படித்தான். எங்களுக்கெல்லாம் போட்டு முடித்துவிட்டு, அடுப்படியிலேயே சட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிடுவார். "நான் கொஞ்சமாத்தான் சாப்பிடறேன்" என்பார், நாங்களும் நம்பினோம். 52 வயதில் சர்க்கரை 260 என்று வந்தபோது, எனக்கு உணவும் உடம்பும் பற்றிய இந்தப் படிப்பு படித்த திமிரும் இருந்தது, அம்மாவுக்குத் தாள் நிறைய எழுதிக் கொடுத்தேன். ஒரு மாற்றமும் இல்லை. ஒரு நாள் மதியம் வேலைக்குப் போகாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பொரியல் தீர்ந்துபோயிருந்தது. முட்டை எண்ணிப் போட்டதால் அவருக்கு இல்லை. பருப்பில் மேலே நின்ற தண்ணீர்தான் மிச்சம். சோறு மட்டும் தாராளமாக இருந்தது, அது வீணாகப் போகக் கூடாது என்று இன்னும் இரண்டு கரண்டி போட்டுக்கொண்டார். அப்புறம் பசி அடங்காமல் நாலு மணிக்கு டீயும் பன்னும். அவர் சொன்னது உண்மைதான், காயும் பருப்பும் கொஞ்சமாகத்தான் சாப்பிட்டார். சோறு மட்டும் கொஞ்சம் இல்லை. அன்றைக்கு எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது, அத்தனை வருஷம் அந்தத் தட்டை நான் பார்க்கவே இல்லையே என்று.

ஆகவே உங்களுக்கு என் முதல் மருந்து: சமைத்து இறக்கியதும், யாருக்கும் போடுவதற்கு முன்னால், உங்கள் பங்கை ஒரு தட்டில் எடுத்து மூடி வையுங்கள். தட்டில் பாதி கீரையும் காயும். கால் பங்கு பருப்பு, பயறு, முட்டை, மீன் இதில் ஏதாவது ஒன்று. மீதிக் கால் பங்குதான் களியோ சோறோ. ஒரு மணிக்கு எல்லாரும் உட்காரும்போது நீங்களும் உட்காருங்கள். யாராவது இன்னும் கொஞ்சம் பொரியல் கேட்டால் சட்டியிலிருந்து போடுங்கள், உங்கள் தட்டிலிருந்து எடுக்காதீர்கள். மிஞ்சின சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழைய சோறு, அதை யார் வேண்டுமானாலும் சாப்பிடட்டும், உங்கள் வயிறு அதற்குப் பாத்திரம் இல்லை.

இரண்டாவது, அந்தக் கஞ்சி. ராகி நம் மண்ணின் தானியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. 100 கிராம் ராகியில் 364 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, வெள்ளை அரிசியில் 10 கூடத் தேறாது. நார்ச்சத்தும் அரிசியைவிடப் பல மடங்கு. ஆனால் அதே 100 கிராமில் 67 கிராம் மாவுச்சத்தும் இருக்கிறது, அரிசியில் 78, பெரிய வித்தியாசம் இல்லை பாருங்கள். நைசாக அரைத்துச் சலித்து, தண்ணியாகக் கஞ்சி காய்ச்சி, வெல்லமும் போட்டு இரண்டு டம்ளர் குடித்தால் ரத்தத்தில் சர்க்கரை சரசரவென்று ஏறும், பத்து மணிக்கெல்லாம் பசித்துவிடும். வெல்லம் நல்லது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, உங்கள் ரத்தத்துக்கு வெல்லமும் சீனியும் ஒன்றுதான். சலிக்காத மாவில் கெட்டியாகக் களி கிண்டுங்கள், உருண்டையை நம் மாமியார்கள் பிடிக்கிற அளவில் பாதியாகப் பிடியுங்கள், அதோடு பண்ணைக்கீரை கடைசலோ கொள்ளுக் கடைசலோ அவரைக்கொட்டைக் குழம்போ தாராளமாக ஊற்றிக்கொள்ளுங்கள். களி கொஞ்சம், குழம்பு நிறைய. களியோடு கீரையும் பயறும் சேரும்போதுதான் அது முழுச் சாப்பாடு. 2023-ல் நம் மாவட்டத்திலும் நீலகிரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி கொடுக்க ஆரம்பித்தார்களே, அதை வாங்கி மாட்டுக்குப் போடுகிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன், வயிறு எரிகிறது.

ராத்திரிப் பாலும் பிஸ்கட்டும் உடனே நிற்கட்டும். மைதாவும் சர்க்கரையும் எண்ணெயும் சேர்ந்ததுதான் பிஸ்கட், அதைச் சாப்பிட்டுவிட்டுச் சோற்றை விட்டேன் என்றால் என்ன லாபம்? இரண்டு தோசை, ஒரு முட்டை, கொஞ்சம் காய் என்று ஏழரை மணிக்குள் ஒழுங்காகச் சாப்பிடுங்கள். உங்கள் எடைக்கு நாளைக்கு 55 கிராம் அளவு புரதம் வேண்டும், மிஞ்சினதைச் சாப்பிடுகிறவருக்கு அதில் பாதி கிடைத்தால் அதிகம். ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம். கடலையை வேகவைத்துச் சாப்பிடுங்கள். கொள்ளு நம் ஊரில் மலிவாகக் கிடைக்கிறது, 100 கிராமில் 22 கிராம் புரதம், ரசம் வைத்துத் தெளிவை மட்டும் குடித்துவிட்டுக் கொள்ளை மாட்டுக்கு வைக்காதீர்கள்.

தலைசுற்றலை லேசாக விடாதீர்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாருங்கள். 46 வயதில் மாதவிலக்கு முன்னே பின்னே வந்து அதிகமாகப் போவது உண்டு, அப்படி இருந்தால் டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள், கீரையில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் டீ தடுக்கும். அதற்கு நேர்மாறாக உதவுவது வைட்டமின் சி. அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த தகடூர் நம் தர்மபுரிதான், சீசனில் கூறு போட்டு விற்கிறார்கள், ஒரு காயை நறுக்கிச் சாப்பாட்டோடு கடித்துக்கொள்ளுங்கள். ஊறுகாயாக வேண்டாம், அதில் உப்புதான் அதிகம். உப்பு என்றதும் ஒரு கணக்கு: ஒரு ஆளுக்கு நாளைக்கு 5 கிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நீங்கள் ஐந்து பேர், மாதத்துக்கு முக்கால் கிலோ. ஒரு கிலோ பாக்கெட் 40 நாளாவது வர வேண்டும். எப்போது பிரித்தீர்கள் என்று பாக்கெட் மேலேயே தேதி எழுதிவையுங்கள்.

இனி நடை. ஒன்றுமே நடக்காதவர் எடுத்த எடுப்பில் ஒரு மணி நேரம் நடந்தால், அதுவும் அரைகுறைச் சாப்பாட்டோடு நடந்தால், உடம்பு படுத்துவிடும். வாரத்துக்கு 150 நிமிஷம் போதும், வேகமாக நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் சரியான வேகம். அதை ஒரே நேரத்தில் செய்ய வேண்டும் என்றும் இல்லை. காலையில் 15 நிமிஷம், ராத்திரி சாப்பிட்டதும் 15 நிமிஷம் என்று பிரியுங்கள். சாப்பிட்ட பிறகு நடக்கும் 15 நிமிஷத்துக்கு உங்களுக்குத் தனிப் பலன் உண்டு, அந்த நேரம்தான் சர்க்கரை ஏறும், நடக்கிற கால்சதை அதை இழுத்துக்கொள்ளும். இருட்டில் தனியாகப் போக வேண்டாம், நாய்த் தொல்லை இருக்கிறது, லாரிகளும் வேகமாக வரும். பக்கத்து வீட்டு அக்காவைக் கூட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மொட்டை மாடியிலோ வாசலிலோ நடங்கள். பரீட்சை, காய்ச்சல், திருவிழா வந்தால் பத்து நிமிஷமாவது நடந்துவிடுங்கள். விட்டுப்போன நாளை ஈடுகட்டுகிறேன் என்று அடுத்த நாள் இரண்டு மணி நேரம் நடக்காதீர்கள்.

அப்புறம் வாரத்தில் இரண்டு நாள் சதைக்கு வேலை கொடுக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள். சுவரில் கையை ஊன்றித் தண்டால் மாதிரி பத்து முறை. இவ்வளவுதான் ஆரம்பம். மாதவிலக்கு நிற்கிற வயதில் எலும்பும் சதையும் வேகமாகக் கரையும், நடை மட்டும் அதைக் காப்பாற்றாது.

இதெல்லாம் செய்தால் பலன் இருக்குமா என்று உங்கள் வீட்டில் கேட்பார்கள். சென்னை மருத்துவர்கள் உங்களைப் போல சர்க்கரை வாசலில் நிற்கிற 531 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2006-ல் வெளியானது. பழையபடியே இருந்தவர்களில் 3 வருஷத்துக்குள் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. உணவையும் நடையையும் சரிசெய்தவர்களில் 39 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. முழுக்கத் தடுத்துவிடலாம் என்று நான் பொய் சொல்லமாட்டேன், ஆனால் இந்த வித்தியாசம் சின்னது இல்லை. உங்களுக்கு இலக்கு ஆறு மாதத்தில் நாலு கிலோ. அவ்வளவே போதும். இடுப்புச் சுற்றளவையும் ஒரு டேப் வைத்துத் தொப்புளுக்கு நேராக அளந்து எழுதிவையுங்கள், நம் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர்தான் வரம்பு. மூணு மாதம் கழித்து, மூணு மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டுகிற ஹெச்.பி.ஏ.1.சி ரத்தப் பரிசோதனை பாருங்கள், 5.7-க்குக் கீழே வந்தால் சந்தோஷம், 6.5-ஐத் தொட்டால் டாக்டரிடம் போக வேண்டும்.

அடுத்த நாலு வரியை உங்கள் வீட்டுக்காரரிடமும் பிள்ளைகளிடமும் படிக்கக் கொடுங்கள். ஐயா, தம்பி, பாப்பா: உங்கள் அம்மா தனக்கென்று தனியாகச் சமைத்தால் அது 20 நாள்தான் ஓடும், எந்த வீட்டிலும் இரண்டு சமையல் நிலைக்காது. அவர் சாப்பிட வேண்டியது நீங்களும் சாப்பிட வேண்டியதுதான், ஒரே குழம்பு, ஒரே களி. ராத்திரி சாப்பிட்டதும் 15 நிமிஷம் அம்மா நடக்கப் போகட்டும், அந்த நேரத்தில் பாத்திரம் கழுவி அடுப்படியைத் துடைப்பது உங்கள் மூவர் வேலை, முறை போட்டுக்கொள்ளுங்கள். டயட் முடிஞ்சுதா என்று இனிமேல் கேட்காதீர்கள், அம்மா சாப்பிட்டாச்சா என்று கேளுங்கள்.

கேள்வி: நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அம்மா காரிமங்கலம் பக்கம் ஊரில் இருக்கிறார், 58 வயது. இரண்டு கறவை மாடு, கொஞ்சம் நிலம், நூறு நாள் வேலைக்கும் போகிறார். ஒரு வருஷமாக முட்டிவலி, இடுப்பு வலி, காலையில் எழுந்தால் உடம்பெல்லாம் விறைத்துக்கொள்கிறது என்கிறார். உடற்பயிற்சி இல்லாததுதான் காரணம் என்று நினைத்து வாக்கிங் ஷூவும் புரோட்டீன் பவுடரும் வாங்கிக் கொடுத்தேன். இரண்டும் பீரோவில் இருக்கின்றன. எப்படி நடக்க வைப்பது மேடம்?

பதில்: தம்பி, உங்கள் அக்கறை புரிகிறது, ஆனால் காலை நாலரை மணிக்குச் சாணி அள்ளுவதில் ஆரம்பித்து, புல் அறுத்துக் கட்டி, தலையில் சுமந்து, வெயிலில் மண் வெட்டிவிட்டு வருகிற அம்மாவை இன்னும் நாலு கிலோமீட்டர் நடக்கச் சொல்லாதீர்கள். அவர் உடம்பு கேட்பது ஓய்வும் சாப்பாடும். மத்தியானம் ஒரு மணி நேரம் காலை நீட்டிப் படுக்கட்டும், இதைச் சொல்ல எந்தப் பிள்ளையும் துணிவதில்லை.

அதற்கு முன்னால் ஒன்று பாருங்கள். அம்மாவின் பற்களில் பழுப்புக் கறையோ கோடோ சின்ன வயதிலிருந்தே இருக்கிறதா? தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்திலும் பல ஊர்களில் நிலத்தடித் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5, அதைத் தாண்டினால் முதலில் பல்லையும் வருஷக்கணக்கில் எலும்பையும் மூட்டையும் பிடிக்கும். ஒகேனக்கல் காவிரித் தண்ணீர் வந்தது 2013-ல்தான், அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ், அதாவது இந்த ஃப்ளோரைடு பாதிப்பு, தடுப்பு என்று இருக்கிறது. அதற்கு முன்னால் உங்கள் அம்மா 40 வருஷத்துக்கு மேல் எந்தத் தண்ணீர் குடித்தார் என்று கேளுங்கள். இப்போதும் காவிரித் தண்ணீர் ஒரு நாள் வராவிட்டால் தோட்டத்து போர் தண்ணீரைக் குடிப்பவர்கள் நிறைய. காய்ச்சினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள், காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர்தான் சுண்டும், ஃப்ளோரைடு போகாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பரிசோதித்துக்கொள்ளலாம். அம்மாவை எலும்பு மருத்துவரிடம் கூட்டிப் போகும்போது "எங்க ஊர்ல போர் தண்ணி குடிச்சு வளர்ந்தவங்க" என்று மறக்காமல் சொல்லுங்கள், மூட்டுத் தேய்மானமா, வாத நோயா, இதுவா என்று அவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார். காலையில் விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அதையும் சொல்லுங்கள்.

சாப்பாட்டில், மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு நாளைக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். கறந்த பாலையெல்லாம் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு அம்மா கடுங்காப்பி குடிக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள், எனக்குத் தெரிந்த பாதி வீடுகளில் அதுதான் நடக்கிறது. அரை லிட்டர் பால் வீட்டில் நிற்கட்டும், தயிராகவோ மோராகவோ. அதோடு ராகிக் களி, கீரை, முட்டை. புரோட்டீன் பவுடரைக் கடைக்காரர் திருப்பி எடுத்தால் கொடுத்துவிட்டு, அந்தக் காசுக்கு மாதம் முழுக்க முட்டை வாங்கிப் போடுங்கள். ஷூ வீணாகாது, நூறு நாள் வேலைக்குப் போட்டுப் போகட்டும். ஒரே ஒரு பயிற்சி: கட்டிலில் உட்கார்ந்து, ஒரு காலை நேராக நீட்டித் தொடைச் சதையை இறுக்கி ஐந்து எண்ணும் வரை பிடித்து இறக்குவது, ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, காலையும் மாலையும். போனில் சொல்லாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் செய்யுங்கள்.

கேள்வி: கிருஷ்ணகிரியில் இருக்கிறோம், வீட்டைச் சுற்றி மாமரம். அம்மாவுக்கு 61 வயது, ஆறு வருஷமாகச் சர்க்கரை, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார், நடையும் உண்டு. மாம்பழம் மட்டும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டோம். ஆனால் திருட்டுத்தனமாகச் சாப்பிடுகிறார், கொட்டையைச் சாம்பல் குழியில் பார்த்தேன். என்ன செய்வது?

பதில்: மாங்கனிக் கண்காட்சி நடக்கிற ஊரில், தான் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரத்துப் பழத்தை ஒரு அம்மா ஒளிந்து சாப்பிட வேண்டியிருக்கிறது என்பதைப் படித்தபோது எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. ஒளிந்து சாப்பிடும்போது ஒன்றோடு நிற்காது, வேகமாக முழுப்பழம் போய்விடும்.

மாத்திரையோடு சர்க்கரை ஓரளவு கட்டுக்குள் இருந்தால் 100 கிராம் பழம் சாப்பிடலாம். அதில் 15 கிராம் அளவு மாவுச்சத்தும் சர்க்கரையும் இருக்கும், ஒரு சின்னச் சப்பாத்தியில் இருக்கிற அளவுதான். ஆகவே அன்றைக்கு ஒரு சப்பாத்தியையோ ஒரு கரண்டிச் சோற்றையோ குறைத்துக்கொள்ள வேண்டும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மேலே மாம்பழம் கூடாது, காலை பதினொரு மணிக்கு நாலு வேர்க்கடலையோடு சாப்பிடுவது நல்லது. ஜூஸாக வேண்டவே வேண்டாம், பாட்டிலில் வருவதும்தான். செந்தூரா, மல்கோவா எதுவானாலும் அளவு ஒன்றே. வீட்டில் சர்க்கரை பார்க்கிற மெஷின் இருந்தால் இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள், 180-க்கு மேல் போனால் அடுத்த முறை பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை தொடர்ந்து ஏறியே இருக்கிறது என்றால் டாக்டர் சரி என்று சொல்லும் வரை பொறுக்கட்டும்.

மெஷின் இல்லை என்றால், மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வருகிற தன்னார்வலரிடம் பார்க்கச் சொல்லுங்கள். அந்தத் திட்டமே 2021 ஆகஸ்டில் உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. மற்றபடி நாளைக்கு ஒரு நல்ல பழமாகப் பறித்து நறுக்குங்கள். வீட்டில் எல்லாரும் சாப்பிடும்போது அம்மாவுக்கும் நாலு துண்டு தட்டில் வைத்துக் கையில் கொடுங்கள்.